ரஜப் பிறையும் மருந்துச் சீட்டும்

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், அனூரைத் தாண்டினால் கௌதள்ளி. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதுவும் இன்றும் கலந்தே கிடக்கின்றன.

இந்தச் சாலையோரத்தில் கிளினிக் நடத்தும் நமக்கு இரண்டு கூட்டங்கள் உண்டு. சிவராத்திரியை ஒட்டிச் செருப்பில்லாமல் மலைக்கு நடப்பவர்களின் கால் கொப்புளம் ஒன்று. ரமளானில், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் வியர்த்து, கை நடுங்க வந்து உட்காருபவரின் தாழ்ந்த சர்க்கரை இன்னொன்று. முதலாவதற்குப் பஞ்சும் மருந்தும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுகிறோம். இரண்டாவது மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சொல்லாமல் வந்த விருந்தாளியாகவே இருக்கிறது. இத்தனைக்கும் காலண்டரில் அச்சடித்திருக்கும் மாதம்தான் அது.

வழிபாடும் உடல்நலமும் பற்றி நமக்கு வரும் எழுத்துகளில் ஒரு வகை அலுப்பூட்டுகிறது. தொழுகை யோகாசனத்துக்குச் சமம் என்பார்கள். நோன்பின் பலனுக்கு ஜப்பானியர் ஒருவர் நோபல் பரிசே வாங்கிவிட்டார் என்பார்கள். 2016இல் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது, செல் தன் கழிவைத் தானே செரித்துக்கொள்ளும் முறையைக் கண்டறிந்ததற்காக. அவர் பட்டினி போட்டுப் பார்த்தது ஈஸ்ட் செல்களை. முப்பது நோன்பு பிடித்த மனிதரை அல்ல. நோன்பு மாதத்தில் எடை ஒரு கிலோ அளவுக்குக் குறைவதும், பெருநாள் முடிந்த சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. அவ்வளவே.

உண்மையான பலன் வேறிடத்தில் இருக்கிறது. ஐவேளைத் தொழுகையில் கட்டாயமான ஃபர்ளு மட்டும் 17 ரக்அத் (சுற்று). ஒவ்வொன்றிலும் இரண்டு ஸஜ்தா என்றால் நாளைக்கு 34 முறை நெற்றி தரையைத் தொடுகிறது. இடுப்பும் முட்டியும் கணுக்காலும் முழுக்க மடங்கி எழுகின்றன. நாம் எழுதிக்கொடுத்த நடைப்பயிற்சியை இரண்டாம் வாரமே விட்டவர், இதை நாற்பது வருஷமாக விடவில்லை. உடம்புக்கு நல்லது என்பதற்காக அவர் தொழவில்லை என்பதுதான் காரணம். கடமை என்று செய்வது நிற்பதில்லை. அந்த நிற்காமையின் மேல் நம் சிகிச்சையை ஏற்றி வைக்க முடியும்.

தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் ஒளுவைப் பாருங்கள். கால் விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது அதில் சுன்னத், அதாவது நபிவழி. சர்க்கரை நோயாளியிடம் தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி நாம் ஓய்ந்துபோகிறோம். தொழும் நோயாளியோ ஒரு நாளில் பல தடவை பாதத்தைத் தொடுகிறார். கையோடு உள்ளங்காலையும் ஒருமுறை பார்க்கவும், இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தவும் சொல்லிக் கொடுத்தால் போதும். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். கால் மரத்தவர் பனிக்காலத்தில் வெந்நீர் ஊற்றும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். முட்டி தேய்ந்தவரிடம் "இனிமேல் நாற்காலிதான்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எதுவரை மடக்கலாம், எந்த நிலையில் மட்டும் உட்காரலாம் என்று பிரித்துச் சொன்னால் அவர் கேட்பார்.

மனநலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக இருக்கும் பெரியவர் அதிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் காணப்படவில்லை என்றால், விடிந்ததும் யாராவது வீட்டுக்கதவைத் தட்டுகிறார்கள். இதற்கு ஈடான மாத்திரை நம்மிடம் இல்லை. வீட்டிலேயே தொழும் மூதாட்டிக்கு இந்தக் காவல் கிடைப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். விடியுமுன் உண்ணும் சஹர் சமைக்க முதலில் எழுந்து, இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்தபின் கடைசியில் படுப்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். ரமளானில் அவர் தூக்கத்தைப் பற்றி நாம் கேட்பதே இல்லை.

இனி நோன்பு. 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறக்குறைய 79 சதவீதமும் முதல் வகையில் 43 சதவீதமும் குறைந்தது 15 நோன்பு பிடித்திருந்தார்கள். கடுமையான தாழ்சர்க்கரை இரண்டாம் வகையில் 7.5 மடங்கும், முதல் வகையில் 4.7 மடங்கும் கூடியிருந்தது. "நோன்பு பிடிக்காதீங்க" என்று நாம் சொன்னால் பலர் தலையாட்டிவிட்டு, நமக்குத் தெரியாமல் பிடிக்கிறார்கள். பழைய சீட்டிலுள்ள கிளிபென்கிளமைடு காலையில் சஹரோடு உள்ளே போகிறது. பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் கழித்து நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன் மயக்கம். மலைப்பாதையில் வேன் ஓட்டுபவர் என்றால் என்ன ஆகும் என்பதை விரித்து எழுத வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது தெரிந்ததுதான். அந்த மாத்திரையை மாற்றுவது, மெட்ஃபார்மினின் பெரிய அளவை நோன்பு திறக்கும் வேளைக்குத் தள்ளுவது, நீடித்து வேலைசெய்யும் இன்சுலினைக் குறைத்து மாலையில் போடுவது, நீர்பிரிக்கும் மருந்துகளைத் திரும்பப் பார்ப்பது. சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேல் ஏறினாலும் உடனே நோன்பை முறிக்கச் சொல்வது. விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அவையே சொல்லியிருக்கிறது. நோன்பு திறக்கும்போது கஞ்சி நல்லது. தண்ணீரும் உப்பும் பருப்பும் ஒன்றாகப் போகின்றன. கஞ்சியோடு வரும் வடை, சமோசாவைத்தான் எண்ண வேண்டும்.

நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது: விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடிக்கலாம், முடியவே முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கலாம். ஆனால் அந்தச் சலுகையை மருத்துவர் வாயால் கேட்டால் தடையாகவும், ஹஜ்ரத் வாயால் கேட்டால் மார்க்கமாகவும் படுகிறது. எனவே உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு மாலை போய் உட்காருங்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்று அவருக்குச் சொல்லுங்கள். டயாலிசிஸில் இருப்பவர், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், அடிக்கடி மயங்குபவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் அவர் சொல்லும் ஐந்து நிமிடம், நம் ஓ.பி.யில் ஒரு மாதம் பேசுவதைவிட அதிகப் பேரை எட்டும்.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 வழிகாட்டி, ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே நோயாளியைப் பார்க்கச் சொல்கிறது. நம் நோயாளிகளின் கணக்கில் அது ரஜப் மாதப் பிறை. ரமளான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது; 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு தடவை வரும். ஆங்கிலத் தேதியைக் குறித்து வைத்தால் தப்பிவிடும். ரஜப் முதல் வாரத்தில் சீட்டை எழுதி முடித்ததும், பேனாவை மூடும் முன் கேளுங்கள்: "பாய், இந்த வருஷம் நோன்பு பிடிக்கிறீங்களா?"