கேம் விளையாடும் புள்ளைக்கு ஒரு கொப்பியும் வாங்கிக் கொடுங்கள்



"எந்நேரமும் போனும் கையுமாத்தான் இரிக்கான் சேர். கேம் தவிர வேற ஒண்டுமில்ல. கொஞ்சம் சொல்லி வைங்க."

பெற்றோர் கூட்டம் நடந்தால் இந்த முறைப்பாடு இல்லாமல் முடிவதில்லை. புத்திமதி சொல்வதற்குப் பதிலாக இன்று ஜப்பானில் ஒரு பையனுடைய கதையைச் சொல்கிறேன்.

பெயர் சடோஷி தஜிரி. பிறந்தது 1965இல். டோக்கியோவின் ஓரத்திலுள்ள மச்சிதாவில் வளர்ந்தார். சின்ன வயதில் குளம், வயல் என்று அலைந்து பூச்சி பிடிப்பதுதான் வேலை. நகரம் பெருத்து அந்த இடங்களெல்லாம் கட்டடங்களானபோது, காசு போட்டு கேம் விளையாடும் கடைகள் அவரை இழுத்துக்கொண்டன. வகுப்புக்குப் போகாமல் அங்கேயே கிடந்தார். புள்ளை கெட்டுப் போய்விட்டான் என்று வீட்டில் கவலை. பள்ளிப் படிப்பையே தட்டுத்தடுமாறித்தான் முடித்தார். மின்சாரத் துறையில் ஒரு வேலை எடுத்துக் கொடுக்கத் தகப்பன் முயன்றார். மகன் மாட்டேன் என்றுவிட்டார்.

இதுவரை நம் ஊரில் நடப்பதுதான். வித்தியாசம் இனித்தான் வருகிறது.

1983இல், 17 வயதில், விளையாடியதைப் பற்றி எழுதத் தொடங்கினார். கையால் எழுதி, போட்டோ கொப்பி எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து ஒரு சிறு சஞ்சிகை. பெயர் 'கேம் ஃப்ரீக்'. எந்தக் கேமை எப்படி வெல்வது, எது நல்லது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடையில் அதைக் கண்ட கென் சுகிமோரி என்ற இளைஞர் படம் வரைய வந்து சேர்ந்தார்.

எழுத எழுத ஒன்று விளங்கியது: வருகிற கேம்களில் பெரும்பாலானவை தரமாக இல்லை. குறை சொல்லிக்கொண்டே இருப்பதை விட நாமே ஒன்று செய்தால் என்ன? புரோகிராம் எழுதப் பழகினார்கள். 1989இல் 'குவின்டி' என்ற முதல் கேம் வெளிவந்தது. அதே வருடம் சஞ்சிகையின் பெயரிலேயே கம்பனியும் ஆரம்பமானது. அந்தக் கம்பனி சுமார் 6 வருடம் பாடுபட்டு 1996இல் வெளியிட்டதுதான் நம் புள்ளைகளும் அறிந்த போக்கிமோன். பூச்சி பிடித்த பையனின் ஆசை அதற்குள் இருக்கிறது: தேடிப் பிடிக்க வேண்டும், இல்லாததைக் கூட்டாளியிடம் மாற்றி எடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "சேர் சொல்லிட்டார்" என்று போனைத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள். தூக்கமும் தொழுகையும் படிப்பும் கெடும் அளவுக்கு விளையாடினால் அதற்கு வரம்பு போடத்தான் வேண்டும். எல்லாப் புள்ளைகளும் தஜிரி ஆகப் போவதுமில்லை.

ஆனால் பறித்து வைப்பது மட்டும் வழியல்ல. பறித்த போன் எப்படியும் திரும்பக் கைக்குப் போகும். அப்போது அவன் முன்பு போலவே விளையாடுவான். விளையாடியதை எழுதுகிற புள்ளை அப்படி இருக்காது. "ஏன் சரியாக இந்த இடத்தில் காசு கேட்கிறது? ஏன் தினமும் வந்தால்தான் பரிசு என்கிறது?" என்று கேட்கத் தொடங்கும். கேம் தன்னை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட புள்ளையை அவ்வளவு லேசாகப் பிடித்து வைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கேட்டால் ஐந்து வரியோடு நிற்கிற பையன், தனக்குப் பிடித்த கேமைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவான். அந்தப் பேச்சைத் தாளில் இறக்கிவிட்டால் அதுவே கட்டுரை.

செலவு ஒரு கொப்பிதான். கிழமைக்கு ஒரு பக்கம் போதும். மூன்று கேள்வி கொடுங்கள்: இதில் எது நல்லது? எங்கே அலுத்தது? நீ செய்திருந்தால் எதை மாற்றுவாய்? எழுத்துப் பிழை தேடாமல் வாசியுங்கள். விளங்காததைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உற்சாகமாகப் பதில் எழுதுகிற புள்ளை இருந்தால், ஸ்கிராட்ச் இலவசமாகவே கிடைக்கிறது. பாடசாலையில் ஐசிடி ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

உம்மாமார், வாப்பாமார் இந்த விடுமுறையில் ஒருமுறை செய்து பாருங்கள். புள்ளை எழுதிய பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் எழுதுவேன்.