தேங்காய் எண்ணெய் தலைக்கா, தாளிப்புக்கா?



சுங்கவரி அட்டவணை என்றால் துறைமுகத்தில் சரக்கு இறக்குவோர் சமாச்சாரம், நெமிலிச்சேரியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2020 பட்ஜெட்டில் இறக்குமதி மருத்துவக் கருவிகள் மீது 5 சதவீத சுகாதார மேல்வரி வந்தது. அது 9018 முதல் 9022 வரையுள்ள தலைப்புகளுக்கே பொருந்தும். தெர்மாமீட்டர் 9025இல் இருப்பதால் தப்பியது. எண்ணைப் பார்த்தே வரி! அதே அட்டவணையின் எண்தான் எச்.எஸ்.என். என்ற பெயரில் நம் பில்லிலும் ஏறியிருக்கிறது.

நம் கல்லாவைத் தொட்ட வழக்கு ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய்க்குத் தலைப்பு 1513. தலைமுடித் தைலத்துக்கு 3305. 200 மில்லி வரையிலான பொட்டலம் என்றால் அது தலைமுடித் தைலமே என்று 2009இல் மத்திய கலால் வாரியம் சுற்றறிக்கை விட்டது. 2015இல் அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் வழக்கு ஓயவில்லை. சேலம் கலால் ஆணையருக்கும் மதன் அக்ரோ இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு சொன்னார்கள். மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 டிசம்பர் 18இல்தான் முடிவு கட்டியது. பொட்டலம் சிறியது என்பதாலேயே சமையல் எண்ணெய் தலைமுடித் தைலம் ஆகிவிடாது, லேபிளில் அப்படிக் குறித்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அன்றாடம் காய்ச்சுபவர் 50 மில்லி வாங்கித்தான் குழம்பு தாளிக்கிறார். கடைக்காரருக்குத் தெரிந்த இந்த உண்மை நிலைபெற இத்தனை வருடங்கள் ஆயின.

ஜி.எஸ்.டி.யில் 2017 முதல் சமையல் எண்ணெய்க்கு 5, தலைமுடித் தைலத்துக்கு 18 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் சரக்குக்கு வித்தியாசம் 13,000 ரூபாய். விற்று முடித்த பிறகு நோட்டீஸ் வந்தால் எந்த வாடிக்கையாளரிடம் போய் வசூலிப்பது? 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5 சதவீதமே என்றாகிவிட்டது. ஆயினும் பழைய ஆண்டுக் கணக்குகள் பழைய விகிதப்படியே பார்க்கப்படும்.

வேறு சிக்கல்களும் தீர்ந்தபாடில்லை. சில்லறையாக அளந்து தரும் அரிசிக்கு வரியில்லை. அதையே 25 கிலோவுக்குள் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் 5 சதவீதம்.

தவறான எண்ணைப் போட்டு வரி ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வதை மறுக்கவில்லை. அதற்கான சான்று லேபிளிலும் கொள்முதல் பில்லிலும் இருக்கிறது. உற்பத்தியாளர் போட்ட எண்ணை நம்பி விற்ற சில்லறை வணிகரைத் தண்டிப்பது நியாயமல்ல.

ஆகவே அரசுக்கு நம் கோரிக்கைகள் இவை. ஒரே உபயோகப் பொருளுக்கு ஒரே விகிதம் வேண்டும். மளிகைச் சரக்குகளின் எச்.எஸ்.என். பட்டியலைத் தமிழில் தர வேண்டும். நேர்மையாகக் கொள்முதல் பில்லைப் பின்பற்றியவருக்கு அபராதம் கூடாது. முன்கூட்டித் தீர்ப்புக்கு மத்திய, மாநிலக் கட்டணம் சேர்த்து 10,000 ரூபாய் என்பது சிறு கடைக்கு எட்டாது. அதைக் குறைக்க வேண்டும்.

நம் பங்குக்கு, கொள்முதல் பில்லில் உள்ள எண்ணையும் லேபிளையும் ஒத்துப் பாருங்கள். ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் வந்தால் பயந்து பணம் கட்டிவிடாமல் சங்கத்துக்கு வாருங்கள். தனிக்கடையின் குரல் எடுபடாது. சங்கத்தின் குரல் எடுபடும்.