ஒட்டிய தாடையும் ஒட்டவைத்த பாவமும்

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டியபடி குழந்தை பிறப்பதுண்டு. மிக அரிது. சதையால் ஒட்டியிருக்கலாம், எலும்பாகவே இறுகியிருக்கலாம். அண்ணப் பிளவு, சிறுத்த தாடை, சிறுத்த நாக்கு என்று வேறு குறைகளும் சேர்ந்து வரும். வாய் திறக்காது, முலை பற்றாது. சில பிள்ளைகளுக்கு மூச்சே திண்டாட்டம்.

அப்போது ஊர் என்ன கேட்கும்? 'கிரகணத்துல வெளிய வந்தியா? அருவாளத் தொட்டியா? எந்தச் சாமிக்குக் குத்தம் பண்ணுன?' எல்லாக் கேள்வியும் பெத்தவளுக்குத்தான். அப்பனை ஒருத்தரும் கேட்கமாட்டாங்க.

தோழர்களே, இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. சேரியில் பிறந்தது முற்பிறவிப் பாவம் என்று நம்மிடம் சொன்ன அதே கர்மவினைதான் இந்தப் பிள்ளையிடமும் பாவக் கணக்கு நீட்டுகிறது. முன்னதை மறுத்துவிட்டுப் பின்னதை நம்பினால், பார்ப்பனியம் நம் வீட்டுத் தொட்டிலடியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

கருவின் முதல் மூன்று மாதத்துக்குள் முகம் உருவாகிறது. அப்போது பிரிய வேண்டியவை பிரியாமல் போகின்றன. பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை. உதட்டுப் பிளவோடும், முழங்காலுக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தோலோடும் வருகிற ஒரு வகைக்கு ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவின் கோளாறு காரணம் என்று 2002இல் கண்டார்கள். அது அப்பன் வழியாகவும் வரும். கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை.

காரணம் தேடுவதன் அருமை புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தெரியும். 2022 டிசம்பரில் வேங்கைவயல் பிள்ளைகள் நோயில் விழுந்தபோது 'தலையெழுத்து' என்று விட்டிருந்தால்? குடிதண்ணீரைச் சந்தேகப்பட்டதால்தான் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது.

ஒட்டிய தாடையைப் பிரிக்க வழி இருக்கிறது. சதை ஒட்டு என்றால் சீக்கிரமே வெட்டிவிடலாம். எலும்பு ஒட்டுக்குப் பெரிய அறுவை. அதுவரை மூக்குவழிக் குழாயில் பால். ஆனால் பிரித்த தாடை மறுபடி ஒட்டப் பார்க்கும். மாதக்கணக்கில் தினமும் வாயைத் திறக்கப் பயிற்சி கொடுக்கணும். திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும். 2017இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பினால்? நாத்து நடப் போனால்தான் உலை கொதிக்கும் என்றிருப்பவள் எத்தனை நாள் போவாள்? அறுவை இலவசம் என்றால் போதுமா? பஸ் காசு? போன நாளின் கூலி?

நாம் கேட்க வேண்டியது இதைத்தான். பிறந்த அன்றே ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் திறந்து பார்க்கணும். அறுவைக்குப் பிறகு வந்துபோகும் ஒவ்வொரு நாளுக்கும் பயணச் செலவும் கூலியும் அரசு தரணும். கிராமத்துக்குப் போகும் மாணவர்கள் தாயிடம் கிரகணத்தைக் கேட்பவர்களை மறித்துப் பேசணும்.

பாவம் செய்தவள் யார் என்று தேடியது போதும். பஸ் காசு தராதவன் யார் என்று கேட்போம்.