வாளுக்குள்ள ஒரு ஒயர்!

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் வாள் வீசின நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி, ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில்தான் பழகினார். காரணம், எலெக்ட்ரிக் வாளின் விலை!

அவரோட சேபர் வாளில் ஒயரே கிடையாது. ஃபாயிலில் ஒண்ணு, எப்பேயில் ரெண்டு. ஃபாயில் முனையை 500 கிராமுக்கு மேல அழுத்தினா சர்க்யூட் பிரியும். எப்பேயில் 750 கிராமுக்கு மேல அழுத்தினா சேரும். அதனால, ஃபாயில் யாரையும் தொடாமலே வெள்ளை லைட் எரியுதா? எப்பே குத்தியும் லைட் எரியலையா? வாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க பாஸ், முதல்ல மல்டிமீட்டரை வைங்க!

ஒயர் அறுந்திருந்தா, பள்ளத்துல பழைய பசையைச் சுரண்டி, புது ஒயரை இழுத்துப் பிடிச்சு ஒட்டுங்க. ஆம்பூர் ஷூ கம்பெனிப் பாடம்தான்: பழசு சுத்தமா போகணும், புதுசு நல்லா காயணும். முடியளவு ஒயர் போச்சுன்னு ஒருத்தர் ஆட்டத்தையே விடலாமா, சொல்லுங்க?