தனியாகப் போகாதே என்று யாரிடம் சொல்ல வேண்டும்?

"இந்த வயசுல தனியா சைக்கிள்ல போயி வெட்டவெளியில படுத்துட்டு வந்தீங்களாமே! உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா அண்ணே?" என்று தங்கை போனில் கேட்டது. மகன் அவன் பங்குக்கு ஒரு மணி நேரம் பேசினான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பர், "சார், அந்தப் பக்கம் பாம்பு ஜாஸ்தி" என்றார். எல்லாரும் அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டு என்னிடம் சொல்கிறார்கள் என்பதே என் வழக்கு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்த மறுவாரம், கேரியரில் ஒரு தார்ப்பாய், கொசுவலை, போர்வை, நாலு லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு இவற்றைக் கட்டிக்கொண்டு அரியலூரிலிருந்து மேற்கே கிளம்பினேன். கொளக்காநத்தம் பக்கம் காரை என்று ஓர் ஊர். பெரம்பலூர் மாவட்டம். பாலைவனம் பார்க்க ராஜஸ்தான் போக வேண்டாம், காரைக்குப் போனால் போதும். செம்மண்ணும் வெளுத்த களிமண்ணும் மடிப்பு மடிப்பாக அரித்துக் கிடக்கும். புல் பூண்டு அதிகம் கிடையாது. ஜிப்சக் கீற்றுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும்.

மழை இல்லாததால் ஆன பாலை அல்ல அது. மழை பெய்யத்தான் செய்கிறது. களிமண் பிடித்து நிற்காமல் கரைந்து ஓடுவதால், செடி வேர் பிடிக்கும் முன்பே மண் போய்விடுகிறது. ஒரு காலத்தில் அங்கே கடல். நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகள் கல்லாகி அந்த மண்ணில் கிடக்கின்றன. 1860களில் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் இந்தப் பாறைகளை வகை பிரித்து எழுதினார். அதனால்தான் உலகத்தில் எந்த மூலையில் நிலவியல் படிப்பவனுக்கும் அரியலூர் என்ற பெயர் தெரிகிறது. நம் பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை.

பாலையின் ஓரத்தில் வண்டித்தடம்தான். கூழாங்கல்லும் புழுதியுமாக, பாதி தூரம் சைக்கிளை நான் தள்ளினேன். சீமைக்கருவேல முள் குத்தி இரண்டு பஞ்சர். நானே கழற்றி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். இருட்டும் நேரத்தில் பக்கத்து ஊரில் கேட்டு, அய்யனார் கோயில் திண்ணையில் கொசுவலை கட்டிப் படுத்தேன். "எந்த ஊரு பெரியவரே? சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு, ஓர் அம்மா சொம்பில் மோர் கொண்டு வந்து வைத்தார். ராத்திரி பனி இறங்கியது. நாய் ஒன்று காலடியில் வந்து படுத்துக்கொண்டது. பாம்பு வரவில்லை. திருடன் வரவில்லை. மறுநாள் சாத்தனூர் போய்க் கல்மரத்தையும் பார்த்தேன். 1940ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன மரம் அது. பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு கோடி ஆண்டு வயது. அதற்கு முன்னால் என் வயது என்ன வயது!

எனக்கு அடி பட்டது எங்கே தெரியுமா? திரும்பி வரும்போது, நல்ல தார்ச்சாலையில், பட்டப்பகலில். பின்னால் வந்த லாரி, ஏர்ஹாரன் ஒன்று கொடுத்தது. எதிரே இன்னொரு லாரி. ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கினால் தார் முடியும் இடத்தில் அரை அடிப் பள்ளம். முன்சக்கரம் இறங்கியது, நான் விழுந்தேன். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பின்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் இதை எழுதுகிறேன்.

அந்த ஓட்டுநர் மேல் எனக்குக் கோபமில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் எப்படி மெதுவாகப் போவான்? சாலையை அப்படிப் போட்டு, அப்படியே விட்டு வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

1923ல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் ஹக்கீம், பாபசோலா, பும்காரா என்ற மூவர் பாரசீகம், ஈராக், சினாய்ப் பாலைகளைக் கடந்து, ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் மிதித்து, 1928ல் ஊர் திரும்பினார்கள். செல்போன் இல்லை, கூகுள் வரைபடம் இல்லை. தாகமும் வெயிலும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. ஆனால் பின்னாலிருந்து முப்பது டன் சுண்ணாம்புக்கல் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் துரத்தவில்லை. பாலைவனம் சைக்கிளுக்குப் பகை இல்லை. அதில் நிதானமாகப் போனால் கடந்துவிடலாம். நம் ஊர்ச் சாலையில் நிதானமாகப் போகிறவனுக்குத்தான் இடமில்லை.

நான் கிழவன். வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்துகொள்வேன். பள்ளிக்கூடப் பிள்ளை எங்கே உட்காரும்? அரசாங்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் பையை மாட்டிக்கொண்டு போவது என்ன சாலையில்? என்னைத் தள்ளிவிட்ட அதே சாலையில். சைக்கிளை இலவசமாகக் கொடுத்த கை, அதை ஓட்ட மூன்றடி இடம் கொடுக்க மறந்துவிட்டது.

2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். சைக்கிளில் போனவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். இவர்களில் யாரும் யார் மீதும் வண்டி ஏற்றிக் கொன்றவர்கள் இல்லை.

வழிமுறை தெரியாதா நமக்கு? இந்தியச் சாலைக் காங்கிரஸ் சைக்கிள் பாதைக்கு அளவும் விதியும் எழுதி வைத்தது 1962ல். அப்போது நான் அரை டிராயரோடு குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபது வருஷம் ஆகிவிட்டது. விதி புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே மூன்று பதில்கள் வழக்கமாக வரும்.

"சிமெண்ட் ஆலை இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் வேலை ஏது?" உண்மை. என் சொந்தக்காரப் பையன்களே அதில் சம்பளம் வாங்குகிறார்கள். ஆலையை மூடு என்று யார் சொன்னது? கல் ஏற்றுகிற லாரிக்கும் படிக்கப் போகிற பிள்ளைக்கும் ஒரே தடத்தைக் கொடுக்காதே என்கிறேன்.

"இப்போதெல்லாம் யார் சார் சைக்கிள் ஓட்டுறா?" காலை எட்டரை மணிக்கு எந்தப் பள்ளி வாசலிலாவது நின்று எண்ணிப் பாருங்கள். பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரையும், ஆலைக்கு முதல் ஷிஃப்ட் போகிறவரையும் சேர்த்து எண்ணுங்கள். ஓட்டுகிறவர்கள் குறைந்தது உண்மை. பயந்து குறைந்தார்கள்.

"சாலையை அகலப்படுத்தி விட்டால் சரியாகிவிடும்." ஆகாது. அகலமான சாலையில் லாரி இன்னும் வேகமாகப் போகும். ஓரம் அதே அரை அடிப் பள்ளமாகவே இருக்கும்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருக்கிற ஓரத்தையும் நாம்தான் மக்காச்சோளம் காயப்போட்டு அடைக்கிறோம். களம் இல்லாத விவசாயி வேறெங்கே காயவைப்பான் என்பது சரி. அதுவும் ஊருக்குச் செய்து தர வேண்டிய வேலைதான்.

பணம்? அது இருக்கிறது. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே குத்தகை வாங்கிய சுரங்கம் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையையும், ஏலத்தில் எடுத்த சுரங்கம் 10 சதவீதத்தையும் அதில் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம் அது. சாலை வேலைக்கும் அதில் ஒரு பங்கைச் செலவழிக்கலாம். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையில் போகும் பிள்ளையைவிட அதற்கு உரிமையுள்ள ஆள் யார்?

நான் கேட்பது பெரிய மேம்பாலம் இல்லை. கல் லாரி ஓடும் சாலைகளில், தார் முடியும் இடத்துக்குச் சமமாகக் கிராவல் கொட்டி இறுக்குங்கள். பள்ளிக்கூடம் இருக்கும் ஊர்களுக்கு இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டருக்காவது தனிச் சைக்கிள் தடம் போடுங்கள். பள்ளி கூடும் ஒரு மணி நேரமும், விடும் ஒரு மணி நேரமும் சுரங்க லாரிகளை நிறுத்தி வையுங்கள். கல் பல கோடி வருஷம் பூமிக்குள் இருந்தது. ஒரு மணி நேரம் தாமதமானால் கெட்டுப்போகாது.

அடுத்த கிராமசபையில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட நாலு பேர் கிடைப்பார்கள், பேரப்பிள்ளை இல்லாத வீடு எது?

தங்கைக்கு ஒரு வார்த்தை. முழங்கால் ஆறிவிட்டது அம்மா. மாசி பிறந்ததும் மறுபடி காரைக்குப் போவேன், தனியாகத்தான். அய்யனார் கோயில் திண்ணையில் எனக்குப் பயமில்லை. அங்கே போய்ச் சேரும் வரைதான் பயம்.