மறைப்பதற்கு ஒன்றுமில்லையாம்!

ஓர்ஸ் ஹில்லில் நண்பர் ஒருவரின் வீட்டில் எழுதுபவர்கள் சிலர் கூடியிருந்தோம். கணினியிலுள்ள கோப்புகளைக் குறியாக்கம் செய்து, அதாவது கடவுச்சொல் இல்லாதவருக்கு விளங்காத குறிகளாக மாற்றி வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. "நாமென்ன கள்ளக் கடத்தலா செய்கிறோம்? மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை" என்றார் மூத்த கவிஞர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டின் வாசற்கதவுக்கு இரண்டு பூட்டுகள் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

இதே ஊரின் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பு சொன்னது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர் தெரிய வெளியிட்டவரை எந்த மென்பொருளும் காப்பாற்றியிராது. ஆனால் எழுதுபவரின் கணினியில் அவருடைய எழுத்து மட்டுமா இருக்கிறது? நம்பிப் பேசியவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், கண்ணீர் எல்லாம் இருக்கின்றன. அவை அமானிதம். அதைத் திறந்து போட்டுவிட்டு 'மறைப்பதற்கு ஒன்றுமில்லை' என்பது நேர்மையல்ல, அலட்சியம்.

அச்சிட்டு வெளியிட்ட புத்தகத்துக்கே என்ன நடந்தது? 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். யாரும் வாங்கிப் படிக்கக்கூடிய கவிதையே இப்படி வாசிக்கப்பட்டதென்றால், நாம் அடித்துத் திருத்தும் அரைகுறை வரைவு எப்படி வாசிக்கப்படும்?

பூட்டு வேண்டும். ஆனால் எந்தப் பூட்டு? நமது மேடைகளில் அல்-கிந்தியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை. எழுத்துகள் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணியே மறைமொழியை உடைக்கலாமென 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் அவர். தந்திரத்தை ஒளித்து வைத்தால் மட்டும் போதாது என்பதே அதிலுள்ள பாடம். பெருமையை எடுத்துக்கொண்டோம், பாடத்தை விட்டுவிட்டோம்.

அப்பாடத்தைத்தான் திறந்த மூல மென்பொருள்காரர்கள் செய்து காட்டினார்கள். செய்முறையை எல்லோரும் பார்க்கலாம், திறப்பு மட்டும் உன்னுடையது. 1991இல் அமெரிக்கரான பில் சிம்மர்மன் பீஜீபீ என்ற மென்பொருளை மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தார். ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என 1996 வரை அரசு அவரை விசாரித்தது, வழக்குத் தொடராமலே விட்டது. அதற்கிடையில் 1995இல் அந்த மூலநிரல் முழுவதும் புத்தகமாக அச்சிடப்பட்டது. மென்பொருளை நாடு கடத்தத் தடை இருந்தது, புத்தகத்துக்குத் தடையில்லை! அச்செழுத்தின் வலிமையை எழுத்தாளர்களுக்கு நினைவூட்ட ஒரு கணினிக்காரன் வேண்டியிருந்தது. பின்னர் ஜெர்மனியில் வெர்னர் கோச் குனு பிஜியைக் கொண்டுவந்தார், 1999இல் அதன் முதற்பதிப்பு நிறைவுற்றது.

2004இல் வந்த ட்ரூகிரிப்டின் கதை இன்னும் பொருத்தமானது. செய்தவர்கள் பெயர் சொல்லவில்லை. 2014 மே மாதம், இது பாதுகாப்பானதல்ல என்று ஓர் அறிவித்தலை மட்டும் போட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மூடிய மென்பொருளாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். மூலநிரல் வெளியே இருந்ததால் நிபுணர்கள் அதைப் பிரித்து ஆராய்ந்தார்கள். சில குறைகள் தெரிந்தன. வேண்டுமென்றே வைத்த கள்ளவாசல் எதுவும் அகப்படவில்லை என 2015இல் அறிவித்தார்கள். அதே நிரலிலிருந்து 2013இலேயே கிளைத்திருந்த வெராகிரிப்ட் அந்தக் குறைகளையும் திருத்திக்கொண்டு வளர்ந்தது. செய்தவன் போனாலும் செயல் நிலைத்தது.

அடித்துக் கேட்டால் கடவுச்சொல் வெளியே வரும், மறந்தால் கோப்பே போய்விடும். இந்தக் குறைகளை நானும் அறிவேன். களவு போனதும் பழுதுபார்க்கக் கொடுத்ததுமான கணினிகளுக்கு இந்தக் காவல் தாராளமாகப் போதும். இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம்.

மூத்த கவிஞரே, மறைப்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். உங்களை நம்பியவர்களிடம் இருக்கிறது.