கயிறும் மயிரும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்ற கூப்பாடு ஓய்ந்தபாடில்லை. காதுக்கு மேலே ஒட்ட வழித்து உச்சியில் மட்டும் முடி விட்டிருக்கிறான், கால்சட்டையை இறுக்கித் தைத்திருக்கிறான், காதில் கடுக்கன் போட்டிருக்கிறான், பெஞ்சில் காம்பஸால் படம் கீறியிருக்கிறான். இதுதான் குற்றப்பட்டியல். காலை வழிபாட்டு வரிசையிலிருந்து பையனை இழுத்து வெளியே நிறுத்துகிறார்கள். சில ஊர்களில் வாத்தியாரே கத்தரிக்கோல் எடுக்கிறார். சில ஊர்களில் முடிதிருத்துகிறவரைப் பள்ளிக்கே வரவழைத்து வரிசையாக உட்காரவைத்து 'போலீஸ் கட்டிங்' அடிக்கிறார்கள். ஊரும் மெச்சிக்கொள்கிறது.

அதே வரிசையில், அதே பையன்களின் மணிக்கட்டில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கயிறு கிடக்கிறது. அது மட்டும் ஐயா கண்ணில் படுவதில்லை. மயிர் தெரிகிறது, கயிறு தெரியவில்லை. என்ன பார்வைக் கோளாறு இது?

கோளாறு கண்ணில் இல்லை தோழர்களே, அது சரித்திரத்தில் இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அவற்றை எழுதிவைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது. சட்டையோ கோட்டோ பனியனோ போடக்கூடாது. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. இந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. அடுத்த ஆண்டு ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் எழுதப்படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது.

கவனியுங்கள். சட்டை, முடி, செருப்பு, படிப்பு எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கின்றன. இவை வேறுவேறு சங்கதி இல்லை என்று ஆண்டைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம்மில் சில படித்தவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. "போராட எவ்வளவோ இருக்க, ஃபேஷன் ஒரு பிரச்சினையா?" என்று கேட்கிறார்கள்.

அம்பேத்கருக்கு அது பிரச்சினையாகத்தான் இருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அவர் சேலைக்கட்டைப் பற்றிப் பேசினார். தீண்டப்படாதவள் என்று பார்த்ததும் காட்டிக்கொடுக்கிற கட்டையும் கனத்த நகைகளையும் விட்டொழியுங்கள் என்றார். பெண்கள் அப்போதே மாற்றிக் கட்டினார்கள். நம் சேரி முக்குகளில் கோட்டும் டையுமாக அவர் நிற்பது அலங்காரத்துக்காக அல்ல. போடாதே என்று சொன்னதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

எண்பது ஆண்டு கழிந்து என்ன ஆயிற்று? 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. நம் பையன்கள் ஜீன்ஸ் பேண்ட்டும் டி-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் மேடைதோறும் பேசினார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். 1930இல் குடை என்றால் இன்று கூலிங்கிளாஸ். அன்று செருப்பு, இன்று புல்லட். பட்டியல் அதேதான், சாமான்தான் மாறியிருக்கிறது.

கயிறு விவகாரத்துக்கு வருவோம். 2019 ஜூலையில் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்றார். உடனே 'இந்து விரோதம்' என்று கூச்சல் கிளம்பியது. அன்றைய கல்வி அமைச்சர் பழைய நடைமுறையே தொடரும் என்று பின்வாங்கினார். 2022 ஏப்ரலில் நெல்லை மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் கயிற்றை வைத்து மூண்ட சண்டையில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் செத்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அவன் செய்த குற்றம் தொல்லை தாங்காமல் பள்ளியில் புகார் சொன்னது. அந்தக் கையோடு, வேறொருவர் எழுதித்தர, பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினான்.

அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு, சைக்கிளில் பூசுகிற சாதி வண்ணம் எல்லாவற்றையும் தடுக்கச் சொன்னது. பள்ளிகளின் பெயரிலிருந்தே சாதியை எடுக்கச் சொன்னது. மறுபடியும் அதே கூச்சல்.

இந்த இடத்தில் சில நடுநிலையாளர்கள் எழுந்து வருகிறார்கள். "முடியும் வேண்டாம், கயிறும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றா? தலைமுடியை ஒருவன் தானே யோசித்து வெட்டிக்கொள்கிறான். கண்ணாடி முன்னால் நின்று, நான் இப்படித் தெரியவேண்டும் என்று முடிவு செய்கிறான். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்வான். கயிற்றில் அவனுடைய யோசனை எதுவும் இல்லை. அப்பனும் சித்தப்பனும் சங்கத் தலைவனும் யோசித்ததை அவன் சுமக்கிறான். அது மாட்டுக்குப் போடுகிற சூடு மாதிரி, யாருடைய மந்தை என்று சொல்கிற அடையாளம். அதைக் கலை என்றும் பண்பாடு என்றும் சொல்லாதீர்கள்.

நம் பயல்கள் சிலர் கேட்பார்கள்: "அவனுவ கட்டுதான், நாங்களும் நீலக்கயிறு கட்டுனா என்னண்ணே தப்பு?" ஆதிக்கம் காட்டக் கட்டுகிற கயிறும், அடிவாங்கி வாங்கிப் பயத்தில் கட்டுகிற கயிறும் ஒன்றல்ல. ஒன்று என்று சொல்கிறவன் நம் எதிரி. ஆனாலும் தம்பி, கட்டாதே. நீலம் ஒரு சாதியின் நிறம் இல்லை. சாதியே வேண்டாம் என்றவரின் நிறம். அதை மணிக்கட்டில் முடிந்தால் அவனுடைய வண்ண அட்டவணையில் நீயும் ஒரு கட்டம் ஆகிவிடுகிறாய். அவன் விரும்புவதே அதைத்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், துப்பட்டாவுக்கு இரண்டு பக்கமும் பின். அன்று மாராப்புப் போடாதே என்று அதட்டியவர்களும், இன்று துப்பட்டா நழுவிவிட்டது என்று அதட்டுகிறவர்களும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: உன் உடம்பு உன்னுடையது இல்லை. சாதியைக் காப்பாற்றப் பெண் உடம்பைப் பூட்டுகிற பழைய வேலை இது. ஒழுக்கம் என்ற பெயர் புதுசு.

சரி, படம் வரைய, பாட, ஆட இந்தப் பள்ளிக்கூடம் என்ன செய்திருக்கிறது? 2012இல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் மூன்றுக்கும் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். ஒரு பிள்ளையின் கைக்கு அரசு போட்ட விலை இவ்வளவுதான். 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது, நல்லது. ஆனால் திருவிழா வருசத்துக்கு ஒருமுறை. பெஞ்சில் கீறுகிறவனுக்குத் தினசரி காகிதம் வேண்டும், வண்ணம் வேண்டும், உட்கார்ந்து பார்க்கிற ஒரு வாத்தியார் வேண்டும். பறை அடிக்கிற பையனுக்கு மேடையில் கைதட்டிவிட்டு, ஊரில் சாவு விழுந்தால் "ஏலே, வந்து அடி" என்று கூப்பிடாமல் இருக்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பிள்ளைகள் தலைமேல் கத்தரி வைக்கிற கை எதுவானாலும் அது தண்டிக்கப்படவேண்டும். கயிற்றை அறுப்பதோடு நிறுத்தாமல், அதைப் பிள்ளையின் கையில் கட்டிவிடுகிற பெரிய மனுசனைத் தேடிப் பிடிக்கவேண்டும். கயிறு கட்டிய வாத்தியார்களை முதலில் வரிசையிலிருந்து வெளியே நிறுத்தவேண்டும். சாதி பார்க்கிற வகுப்பில் புகார் சொல்கிற பிள்ளைக்கு அன்றைக்கே காவல் வேண்டும், அரிவாள் விழுந்த பிறகு அல்ல.

மாணவத் தோழர்களே, முடியை உங்கள் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வண்ணச் சட்டை போடுங்கள். சுவரில் எழுதுங்கள், வரையுங்கள், ஆடுங்கள். நம் பாட்டன் ஒரு கிராப்புக்காக அடிவாங்கினான். அந்தத் தலையை யாருக்கும் குனிந்து காட்டாதீர்கள்.